தேஹ்ராடூனில் மரம் காய்கிறது

ஹரித்துவாரத்துக்கும் ரிஷிகேசத்துக்கும் யாத்திரை செல்லும் தென்னாட்டார், தேஹ்ராடூனைப் பெரும்பாலும் ரயில் நிலையத்து அளவில் அறிந்துகொண்டு, உடனே முஸ்ஸூரி மலைக்கு மோட்டார் பிடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மலைமேல் மேகம் தவழ்கிறது; ஊருக்குள்ளோ ஹாரன் சத்தந்தான் தவழ்கிறது. ஆனால் சக்ராத்தா சாலையில் சில மைல் சென்றால், சத்தமெல்லாம் திடீரென்று பின்தங்கி, இரு புறமும் ஓங்கிய மரங்களும் நடுவே ஒரு பிரம்மாண்டமான செங்கல் மாளிகையும் தென்படுகின்றன. அதுதான் வன ஆராய்ச்சி நிலையம்.

நாம் சென்றது ஆவணி மாதக் கடைசி. மழை ஓய்ந்தபாடில்லை. முதல் நாள் விடுதியில் கழற்றி வைத்த தோல் செருப்பின்மேல் மூன்றாம் நாள் வெண்பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. அலமாரிக் கதவு, மூடினால் திறக்க மறுத்தது. திறந்தால் மூட மறுத்தது. பூஞ்சணத்தையும் கதவையும் பற்றி ஆராய்கிற ஓர் இடத்துக்குப் போகுமுன் இதைவிடப் பொருத்தமான முகவுரை கிடைக்காது.

ஜெர்மன் தேசத்தவரான பிராண்டிஸ் முயற்சியால் 1878-இல் இவ்வூரில் வனப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. ஆராய்ச்சி நிலையம் பிறந்தது 1906-இல். இப்போதுள்ள மாளிகையை பிளாம்ஃபீல்டு என்ற சிற்பி வகுத்தார். 1929-இல் வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். நெடிய தூண் வரிசைகளும் முற்றங்களும் கொண்ட அக்கட்டடத்தைப் பார்த்தால், கிரேக்க ரோமானியர்கள் வழி தவறி இமயமலை அடிவாரத்துக்கு வந்துவிட்டார்களோ என்று தோன்றும். வெள்ளைக்கார சர்க்காருக்கு மரத்தின்மேல் இத்தனை பக்தி ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். தண்டவாளங்களுக்கு அடியில் போடும் கட்டைகளை நினைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிடும். ரயில் நீள நீளக் காடு குறைந்தது. போட்ட கட்டையோ சில வருஷங்களில் உளுத்தது. அப்போதுதான் மரத்தைக் கட்டிக் காப்பாற்றும் சாஸ்திரம் ஒன்று தேவைப்பட்டது. காரணம் எதுவானாலும், மிச்சமிருப்பது நமக்கு லாபம்.

மாளிகைக்குள் மரங்களுக்கென்றே தனிக் காட்சிசாலை இருக்கிறது. அங்கே எழுநூறு வயதுக்கு மேற்பட்ட தேவதாரு ஒன்றின் வட்டத் துண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அம்மரம் முளைவிட்ட காலத்தில் தஞ்சைப் பக்கத்தில் சோழர் ஆட்சி இன்னும் முடிந்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக நின்று வளையங்களை விரலால் எண்ணத் தொடங்கி, ஐம்பதுக்குள் கணக்குத் தவறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வளையங்களிலேயே நம் வீட்டு ஜன்னல் கதவின் துயரக் கதையும் எழுதியிருக்கிறது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தைத் தழுவிச் செல்லும் திசையில் சுருக்கம் மிகுதி. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. நீளவாட்டில் மிகச் சொற்பம். ஒரே பலகைக்குள் இத்தனை அபிப்பிராய பேதம் இருந்தால் அது முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்? இதோடு மற்றொரு விசித்திரமும் உண்டு. பச்சை மரத்தில் ஜலம் இரண்டு இடங்களில் குடியிருக்கிறது: கண்ணறைகளின் உட்குழிவில் ஒரு பங்கு, அறைச் சுவர்களுக்குள்ளேயே ஒரு பங்கு. முதலில் வெளியேறுவது குழிவில் உள்ள ஜலம். அது போகும்வரை மரம் இம்மியும் சுருங்குவதில்லை. ஈரம் நூற்றுக்கு முப்பது என்ற அளவை நெருங்கும்போதுதான் சுவர்கள் தங்கள் ஜலத்தை விடத் தொடங்குகின்றன. வில்லங்கமும் அப்போதுதான் ஆரம்பமாகிறது. வாங்கும்போது நேராக இருந்த பலகை, வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்துக் கோணுவது இதனால்தான். மரவாடிக்காரரும் பொய் சொல்லவில்லை, தச்சரும் பிசகவில்லை. பலகை மாத்திரம் தன் வேலையைப் பாதி வழியில் தொடங்கியிருக்கிறது.

ஈரத்தை அளக்கும் முறை வெகு எளிது. ஒரு துண்டை நிறுத்துக்கொள்கிறார்கள். பிறகு சுமார் 103 டிகிரி உஷ்ணத்தில் எடை மேலும் குறையாதவரை உலர்த்தி, மறுபடி நிறுக்கிறார்கள். முதலில் 150 கிராம், பிறகு 100 கிராம் என்றால் ஈரம் நூற்றுக்கு ஐம்பது. உலர்ந்த கட்டையோடு ஒப்பிட்டே கணக்கிடுவதால், லேசான சில மரங்களில் ஈரம் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது. நம் வகுப்பில் ஒரு பையன் இந்த விடையை எழுதியிருந்தால் நாம் சிவப்பு மசியால் சுழித்திருப்போம்!

உலர்த்தும் பகுதியை அனுமதி பெற்றுப் பார்த்தோம். காற்றில் உலர்த்துவதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். தரையிலிருந்து உயர்த்திய மேடை, மேலே கூரை, பலகைக்குப் பலகை ஓர் அங்குல கனமுள்ள ரீப்பர், அந்த ரீப்பர்கள் அடியிலிருந்து உச்சிவரை ஒன்றின்மேல் ஒன்று நேராக நிற்கவேண்டும். அவ்வளவுதான். ரீப்பர் ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டால் பலகை அந்த இடத்தில் தொய்ந்து, தொய்ந்தபடியே காய்ந்துவிடும். பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ தாரோ பூசுகிறார்கள். முனை வழியே ஜலம் வேகமாக ஓடிவிடுவதால் அங்கேதான் முதலில் வெடிப்புக் காண்கிறது. ஓர் அங்குலப் பலகை இப்படிக் காய, மரத்தின் ஜாதியையும் பருவத்தையும் பொறுத்து மாதங்கள் செல்லும்.

சூளையில் அது நாட்கணக்கில் முடிகிறது. சூளை என்றதும் செங்கல் சூளையை நினைக்க வேண்டாம். இதில் உஷ்ணத்தோடு நீராவியையும் உள்ளே விடுகிறார்கள். காயவைக்க வேண்டிய மரத்துக்கு ஆவி பிடிப்பானேன்? மேற்பரப்பு அவசரமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருந்தால் மரம் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். ஆகவே தொடக்கத்தில் அறையின் காற்றை ஈரமாக வைத்து, பலகையின் உள்ளும் புறமும் ஒத்துப் போகும் வேகத்தில் படிப்படியாக வறட்சியைக் கூட்டுகிறார்கள். 1970-களில் இந்நிலையத்தார் சூரிய வெப்பத்தால் இயங்கும் சூளையையும் அமைத்தார்கள். உள்ளே கறுப்புத் தகடு, தெற்கு நோக்கிச் சாய்ந்த ஒளி புகும் கூரை, ஒரு விசிறி. இரவில் சூரியன் இல்லையே என்ற குறை, இங்கே குணமாகிவிடுகிறது. இரவெல்லாம் உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளிப்புறத்துக்குப் பரவி, பகலில் ஏற்பட்ட இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. நீராவிக் கொதிகலன் வாங்க வகையில்லாத சிறு பட்டறைக்காரர்களுக்கு இது எத்தனை உபகாரமான சாதனம்!

இனிப் பூஞ்சணத்துக்கு வருவோம். மரத்தின்மேல் படரும் பசுமையும் கருமையும் அதன் மேற்புறத்துச் சர்க்கரையையும் மாவையும் தின்று பிழைக்கின்றன. துடைத்தால் போய்விடும். மா, இலவு, மலைச் சாரலில் வளரும் சீர் என்னும் பைன் ஆகியவற்றில் நீலம் பாரிப்பது இன்னொரு வகை. அது அழகைத்தான் கெடுக்கிறது. நிஜமான சத்துரு, மரத்தின் நாரையே உணவாகக் கொண்டு உளுத்துப் போகச் செய்யும் காளான் இனம். இவை அனைத்துக்கும் ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் உளுப்புக் காளான் அதில் வளர முடியாது. மருந்து எதுவும் பூசாமலே, வெறுமனே காயவைத்து நனையாமல் காப்பதே பாதி வைத்தியம் என்பது இதனால் விளங்கும். மாறாக, மரத்தை முற்றிலும் ஜலத்தில் அமிழ்த்தினாலும் காளானுக்குக் காற்றுக் கிடைக்காது. கிணற்றடி நெல்லிக்கட்டை வெகுகாலம் கெடாமல் இருப்பதன் மர்மம் இதுதான். காற்றும் நீரும் கைகோக்கும் இடத்தில்தான் ஆபத்து. வேலிக் கம்பத்தைப் பிடுங்கிப் பாருங்கள்: மேலேயும் திடமாயிருக்கும், ஆழத்திலும் அவ்வளவு மோசமாயிராது, தரைமட்டத்தில் இற்றுப்போயிருக்கும்.

நம் முன்னோர் இவற்றில் சிலவற்றைக் கையாலேயே அறிந்திருந்தார்கள். மூங்கிலைக் குளத்தில் ஊறப்போடுவது அதன் மாவுச்சத்தைக் கரைத்துவிடுகிறது. உளுவண்டுக்கு அப்புறம் அதில் ருசியில்லை. அடுப்புக்கு மேலிருந்த பரண் புகையில் காய்ந்து கறுத்து ஆயுள் பெற்றது. ‘வைரம் பாய்ந்த மரம்’ என்று நாம் சொல்வதிலும் ஒரு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. தேக்கின் வைரத்தில், கறையானுக்கு ஆகாத சரக்கை மரமே சுரந்து வைத்திருக்கிறது. தேவதாருவின் வாசனைத் தைலமும் அத்தகையதே. அதே தேக்கின் வெளிறிய வெளிப்பகுதிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. தேக்கு என்று பெயர் சொல்லி விற்கும் வெளிறு, தேக்கின் விலையைத்தான் பெறும், குணத்தைப் பெறாது.

எல்லாரும் தேக்கும் தேவதாருவுமே வேண்டுமென்றால் காடு தாங்காது. விரைவில் வளரும் மலிவான மரங்களுக்கு வைரத்தின் குணத்தைச் செயற்கையாக ஊட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு இதே தேஹ்ராடூனில் 1933-இல் ஓர் இந்தியர் விடை கண்டார். சொந்தி காமேசன் என்பது அவர் பெயர். தாமிரம் காளானைக் கொல்லும், பாஷாணம் கறையானைக் கொல்லும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் நாலு மழையில் இரண்டும் கரைந்து ஓடிவிடும். காமேசன் அவற்றோடு குரோமிய உப்பைச் சேர்த்தார். அது மரத்தோடு கலந்து வினைபுரிந்து, மற்ற இரண்டையும் கரையாதபடி நாரிலேயே பூட்டிவிட்டது. இக்கலவைக்கு ‘அஸ்கு’ என்று பெயர். (நம் வீட்டு அஸ்கா சர்க்கரையோடு யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது கடும் விஷம்.) 1938-இல் அமெரிக்காவிலும் அதற்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. பிறகு உலகெங்கும் தந்திக் கம்பங்களும் வேலிகளும் படகுத் துறைகளும் இம்முறையால் ஆயுள் பெற்றன. பிறநாட்டு விஞ்ஞானிகள் பலரைப் பாடப் புத்தகங்களிலிருந்து நாம் நெட்டுருப் போட்டிருக்கிறோம். காமேசன் பெயரை அவற்றில் நாம் கண்டதில்லை.

ஆயினும் பாஷாணம் பாஷாணந்தான். அந்த மரத்தை எரித்தால் புகையும் சாம்பலும் நஞ்சு. குழந்தைகள் தொட்டு விளையாடும் இடங்களில் அது கூடாது என்று கவலை எழுந்து, 2003-ஆம் வருஷ முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திலிருந்து அதை விலக்கினார்கள். இப்போது வேம்பு, முந்திரிக்கொட்டைத் தைலம் முதலிய தாவரச் சரக்குகளை ஆராய்ச்சியாளர்கள் சோதித்து வருகிறார்கள். காளானை அடக்கும் சக்தி அவற்றில் இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் நிலைத்து நிற்கும் சக்திதான் போதவில்லை. போரிக் அமிலமும் வெங்காரமும் சாதுவானவை, மலிவானவை. அவையும் கரைந்துவிடுவதால் கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டுமே ஏற்றவை. காமேசன் நஞ்சுக்குப் போட்ட பூட்டைப் போல வேப்பெண்ணெய்க்கு ஒரு பூட்டு வேண்டும். இப்படிப்பட்ட மருந்துகளைப் பரீட்சிக்கச் சிறு கட்டைகளை வரிசையாக மண்ணில் நட்டு வைத்து, ஆண்டுதோறும் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அந்த வெளிக்கு இத்துறையில் வழங்கும் பெயர் ‘இடுகாடு’. நனைந்த புல்லில், எண்ணிட்ட குட்டைக் கட்டைகளின் நடுவே நடந்தபோது பெயர் பொருத்தமாகவே இருந்தது.

திரும்பும் வழியில் ஊருக்குள் ஒரு மரவாடியில் நுழைந்தோம். பச்சை மாம்பலகைகள் மண்தரையில், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியபடி, மழைச்சாரலில் கிடந்தன. ஓரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஆராய்ச்சி நிலையம் அங்கிருந்து எத்தனை தூரம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் நமக்குத் தெரிந்த ஹிந்தியில், “நடுவே ரீப்பர் வைக்கக் கூடாதா, ஐயா?” என்று கேட்டோம்.

“வைக்கலாம், மாஸ்டர் ஸாஹப். ஆறு மாதம் கிடக்கும். அதுவரை முதல் முடங்குமே! வாங்க வருகிறவர் நாளைக்கே வேண்டும் என்கிறார், பக்கத்துக் கடையில் நாளைக்கே கொடுக்கிறான்” என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

கொட்டகையின் பின்கோடியில், தரைக்கு ஒரு முழம் உயரத்தில், நல்ல சீஷம் பலகைகள் கொஞ்சம் அடுக்கியிருந்தன. இடையிடையே ரீப்பர், முனைகளில் தார்ப்பூச்சு, ரீப்பர்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. அவற்றின் விலை என்ன என்று கேட்டோம்.

அவர் தலையை அசைத்துவிட்டார். அடுத்த வருஷம் அவர் பெண்ணுக்குக் கல்யாணமாம். கட்டில் செய்வதற்கென்று அவை போன தீபாவளியிலிருந்து காய்கின்றனவாம்.