முதுமையையும் கணக்கில் கொள்ளும் விளையாட்டு



64 வயதில் ஒருவர் விளையாடுகிறார் என்றால், பேரப்பிள்ளைகளின் மனம் கோணாமலிருக்க ஆடுகிறார் என்றோ, வேலையற்றுப் பொழுதைப் போக்குகிறார் என்றோதான் நம் வீடுகளில் எடுத்துக்கொள்வார்கள். நான் இவ்விரண்டுக்காகவும் ஆடவில்லை. இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின், என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறோம். நானும் மருமகனும், என் மைத்துனரும், 17 வயதுப் பேரனும், அவனுடைய நண்பர்கள் இருவரும். நாங்கள் ஆடுவது ‘ரோல் பிளேயிங் கேம்’ எனப்படும் கதை விளையாட்டு.

இதில் காய் நகர்த்தும் பலகை இல்லை. வென்றவர், தோற்றவர் என்பதும் இல்லை. ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்றுக்கொள்வோம். நடுவராக இருப்பவர் சூழ்நிலையைச் சொல்வார். அந்தச் சூழ்நிலையில் தம் பாத்திரம் என்ன செய்யும் என்பதை மற்றவர்கள் முறைவைத்துச் சொல்வார்கள். முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் ஓர் எண் தீர்த்துவைக்கும். அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டே இவ்வகைக்கு வழி திறந்தது. அதில் மந்திரவாதமும் கற்பனைத் தெய்வங்களும் வருவதால் நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1977-இல் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்த ‘டிராவலர்’ என்பதை எடுத்துக்கொண்டோம். விண்மீன்களுக்கிடையே சரக்குக் கப்பல் ஓட்டிப் பிழைப்பவர்களின் கதை அது.

தொடங்குமுன் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். பகடை கொண்டு ஆடும் நர்த் விளையாட்டை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதை அவர் நினைவூட்டினார். பணயம் வேண்டாம், பகடை வேண்டாம், தொழுகையைப் பிற்படுத்த வேண்டாம் என்றார். மூன்றையும் ஏற்றோம். 1 முதல் 6 வரை எழுதிய மடித்த சீட்டுகளை இரண்டு குவளைகளில் இட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துக் கூட்டிக்கொள்கிறோம். மஃரிபு பாங்கு ஒலித்தால், பேச்சு பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவோம்.

இவ்விளையாட்டில் என்னை ஈர்த்தது அதன் தொடக்கமே. பாத்திரம் 18 வயதில் ஏதேனும் ஒரு பணியில் சேரும். நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிக்காலம் நீளும். ஒவ்வொன்றிலும் புதிய திறன்கள் சேரும். ஐந்து பணிக்காலம் முடித்தவருக்குச் சில துறைகளில் ஓய்வூதியமும் உண்டு. கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ஆனால் 34 வயதிலிருந்து, ஒவ்வொரு நான்காண்டு முடிவிலும் முதுமைச் சோதனை வரும். அதில் தவறினால் வலிமையும் சுறுசுறுப்பும் தாங்குதிறனும் குறையும். அறிவுக்கு அந்தச் சோதனை 66 வயதில்தான் தொடங்கும். 31 ஆண்டுகள் வணிகக் கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நடுவர் நாற்காலியில் பேரன். என் பாத்திரம் வயதான கப்பல் பொறியாளர். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை அப்பாத்திரம் 50 வயதை எட்டியது. முதுமைச் சோதனை வந்தது. குவளையைக் கையில் எடுத்த பேரன் தயங்கினான்.

“நன்னா, இந்த விதி வேண்டாமே. விட்டுடலாம்.”

“எதுக்கு விடணும்? குலுக்கு.”

வலிமையில் ஒரு புள்ளி குறைந்தது, தாங்குதிறனில் ஒரு புள்ளி குறைந்தது. மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் பேரனின் நண்பர்களுள் ஒருவன், “அப்ப இனிமே சரக்கு ஏத்துற வேலைய நாங்க பாத்துக்குறோம். விலை பேசுறதுக்கு நீங்க போங்க” என்றான். யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வேலையை மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள், ஆட்டம் தொடர்ந்தது.

அன்று மஃரிபுக்குப் பள்ளிவாசலை நோக்கி நடக்கையில் பேரன் மெல்லக் கேட்டான்: “நன்னா, பஜ்ருக்கு இருட்டுல வண்டி ஓட்டுறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?”

“ஆமா. எதிர்ல வர்ற வெளிச்சம் கண்ணைக் கூசுது” என்றேன்.

மறுநாள் முதல் அவனே வண்டி ஓட்ட, நான் பின்னால் அமர்ந்து செல்கிறேன். அந்தக் கேள்வி ஓராண்டாகத் தன் மனத்தில் இருந்ததாகவும், அத்தாவிடம் அதை எப்படிக் கேட்பது என்று தயங்கியதாகவும் மகள் பின்னர் கூறினாள்.

நம் குடும்பங்களில் பெரியவர்களுக்கு மரியாதை நிரம்ப உண்டு. மருந்து உண்டீர்களா, சாப்பிட்டீர்களா என்று அன்போடு விசாரிப்பார்கள். ஆனால், எது இயலாமற்போயிற்று, எதில் துணை வேண்டும் என்று கேட்க அதே மரியாதை அவர்களைத் தடுக்கிறது. கேட்டால் பெரியவர் மனம் நோகுமோ என்று அஞ்சுகிறார்கள். கற்பனையான ஒரு மனிதரின் மூப்பைப் பற்றிப் பேச அந்த அச்சம் தேவைப்படவில்லை. அவரைப் பற்றி நாங்கள் பேசிப் பழகியதால், என்னைப் பற்றிப் பேசுவதும் எளிதாயிற்று.

முயன்று பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு இரண்டு சொல்வேன். நடுவர் இடத்தை இளையவருக்கு விட்டுக்கொடுங்கள். பெரியவர் தம் முறைக்குக் காத்திருந்து பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது. செவி மந்தமானவரை நடுவருக்கு அருகில் அமர்த்தி, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். செலவு காகிதமும் பென்சிலுமே. விளையாட்டு ஒத்துவராத வீடுகளில், சேர்ந்து அமர்ந்து பேசும் ஒரு மணி நேரத்தை வேறு வழியில் உண்டாக்கிக்கொள்ளலாம்.

மூப்பிலும் நம் இல்லங்களில் ஒருவர் மற்றவருக்குப் பயன்படுபவராக இருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக. ஆமீன்.