பனியை வெண்மையாக எடுப்பது

ஃபுஜி மலையைப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் செர்ரி பூக்கும் ஏப்ரலில் போகிறார்கள். நான் ஜனவரியில் போவேன். இதுவரை நான்கு ஜனவரிகள். அப்போது பூவும் இருக்காது, இலையும் இருக்காது, விரல் விறைத்துப்போகும். ஆனால் மலை இருக்கும். கோடையில் போனால், மூன்று நாள் தங்கியும் மேகத்துக்குப் பின்னால் அது இருக்கிறது என்று நம்பிவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

சைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. அதை அந்நாட்டின் மேற்குக் கரையிலும் நடுவிலுள்ள மலைத்தொடர்களிலும் பனியாகக் கொட்டிவிட்டு, ஃபுஜி பக்கம் வரும்போது வறண்டுவிடுகிறது. அதனால்தான் அந்தத் தெளிவு. அதே சைபீரியக் குளிரின் இன்னொரு கை தெற்கே இறங்கி, தென்சீனக் கடலில் ஈரம் சேர்த்து, நம் கிளந்தானிலும் திரங்கானுவிலும் மழையாகப் பொழிகிறது. அங்கே மலை தெளியும் மாதங்களில்தான் இங்கே ஆறுகள் கரை உடைக்கின்றன.

கவாகுச்சி ஏரியின் வடகரையில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முக்காலியை ஊன்றிவிட வேண்டும். உறைநிலைக்குக் கீழே ஏழு, எட்டு டிகிரி. பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். உபரி பேட்டரிகளைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் ஆவி படியும். அங்கே நேர்மாறு, வெளியிலிருந்து அறைக்குள் வந்தால் படியும். அறைக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுவேன். பூஞ்சைக்குப் பயந்து டிரை பாக்ஸில் கேமராவை வளர்க்கிற மலேசியக்காரனுக்கு இதெல்லாம் புதுப் பழக்கம்.

காற்று இல்லாத நாட்களில் ஏரிக்குள் இன்னொரு ஃபுஜி தலைகீழாக நிற்கும். பிறகு 3,776 மீட்டர் உயரத்தில், கிழக்குச் சரிவில் மட்டும், பனி மெல்லச் சிவக்கும். ‘பெனி ஃபுஜி’ என்கிறார்கள். சில நிமிடங்கள்தான். நான் பார்க்கும்போதெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஷட்டர் சத்தம் மட்டும் கேட்கும்.

பனியைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமராவின் ஒளிமானி வெண்மையை நம்பாது. தன் முன்னால் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். அப்படியே விட்டால் பனி அழுக்கு வேட்டி மாதிரி வரும். எனவே நாம் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுக்கிறோம். கூடிப்போனால் இன்னொரு சேதம். சரிவின் வெடிப்புகள், பள்ளங்கள், காற்று கீறிய கோடுகள் எல்லாம் அழிந்து மலை வெற்றுத்தாளாகிவிடும். வெள்ளை வெள்ளையாகவும் இருக்க வேண்டும், பள்ளமும் தெரிய வேண்டும். அந்த இடைவெளி மிகக் குறுகலானது.

பாட்டிக்கு வயது 88. போன வருடம் திரும்பி வந்ததும் மீந்த ஜப்பான் பணத்தை மேசையில் வைத்திருந்தேன். ஆயிரம் யென் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல வாழமரம் இல்லியே?”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் இங்கே அச்சடித்துவிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருக்கும். 1945இல் அது செல்லாக் காசானது.

“மூட்ட மூட்டயா இருந்துச்சு. கடைசில அடுப்பு பத்தவைக்கத்தான் ஆச்சு” என்றார்.

அவர் கையிலிருந்தது பழைய வரிசைத் தாள். அதன் பின்பக்கம் மொத்தொசு ஏரியும் ஃபுஜியும். ஒக்காதா கோயோ என்ற புகைப்படக்காரர் 1935இல் எடுத்த படத்தை ஒட்டி வரைந்தது. வாழ்நாள் முழுக்க இந்த ஒரே மலையை எடுத்தவர் அவர்.

“இந்த மலயத்தான் வருசா வருசம் போயி புடிக்கிறியா?”

“ஆமா பாட்டி.”

“எத்தன படம் எடுத்துருப்ப?”

“பத்தாயிரத்துக்கு மேல இருக்கும்.”

தாளை மேசையில் வைத்தார். “எங்கப்பாவுக்கு ஒரு படம்கூட இல்ல.”

1943இல் பாட்டிக்கு ஆறு வயது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் ரயில் பாதை. போனவர் வரவில்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகள் சுமார் 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. இங்கிருந்து போன தமிழர்களில் ஆகப் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய ஒரு கல்கூடக் கிடையாது. பாட்டிக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. லாரியின் பின்பலகை மட்டும் நினைவிருக்கிறதாம்.

மலை என்ன செய்யும், பாவம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் மலையும் சண்டைக்குப் போயிருக்கிறது. 1940இல் ஓவியர் யொகொயாமா தைக்கான் கடலைப் பத்து, ஃபுஜியைப் பத்து என இருபது ஓவியங்கள் வரைந்து, விற்ற பணத்தை ராணுவத்துக்கும் கடற்படைக்கும் கொடுத்தார். போர் விமானம் வாங்கினார்கள். இன்றும் பார்க்க அழகான ஓவியங்கள். அழகாக இருப்பதுதான் தொந்தரவு.

இன்னொரு பக்கம், உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மலைகளில் ஒன்று இது. ஹொகுசாய் ‘முப்பத்தாறு காட்சிகள்’ என்று தலைப்பிட்டுத் தொடங்கி, நாற்பத்தாறில் போய்த்தான் நிறுத்தினார். 2024 மே மாதம் ஃபுஜிகவாகுச்சிகோ நகரில் ஒரு கடைக்கு எதிரே 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலை கட்டினார்கள். கடைக் கூரைக்கு மேல் மலை நிற்பதுபோல் எடுக்க வந்தவர்களின் தொல்லை தாங்காமல், படத்தை மறைக்கவே ஒரு திரை. ஒரு மலைக்கு இத்தனை படம். ஒரு மனிதருக்கு ஒன்றுமில்லை. பாட்டி போட்ட கணக்கு அவ்வளவுதான், அதில் பிழையில்லை.

அதற்காக நான் போவதை நிறுத்தவில்லை. விடியலில் அந்தச் சரிவு சிவக்கும்போது எனக்குள் நடப்பதை யாருடைய வரலாற்றுக்காகவும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஜனவரியில் வடகரையோடு நிற்கவில்லை. கொத்தெம்பா பக்கம் போனேன். 1707இல் மலை கடைசியாக வெடித்தபோது தென்கிழக்குச் சரிவில் ஒரு பெரிய வாய் பிளந்தது. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த எதோ நகரம்வரை சாம்பல் விழுந்தது. வடகரையிலிருந்து எடுக்கும் படங்களில் அந்தக் குழி தெரியாது. இங்கிருந்து பார்த்தால் பனிக்கு நடுவே நன்றாகத் தெரிகிறது. ஒளி அளவை அரை ஸ்டாப் குறைத்து எடுத்தேன். குழியின் ஓரம் கூர்மையாக வந்தது. மலையின் அழகு குறைந்ததாகத் தெரியவில்லை.

அங்கே எடுத்ததில் ஒன்றை அச்செடுத்துப் பாட்டிக்குக் கொடுத்தேன். விடியுமுன் ஒருவர் கடை வாசலில் பனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறார், முதுகு மட்டும் தெரிகிறது. மலை ஓரமாக, பாதிதான். பாட்டி மலையைப் பார்க்கவேயில்லை.

“விடியறதுக்குள்ள மம்பட்டிய தூக்கிட்டான் பாரு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கப்பா இருந்த தோட்டத்தயும் போயி எடுத்துட்டு வாயேன்.”

“அங்க ஒன்னுமில்ல பாட்டி. லயத்த எல்லாம் இடிச்சிட்டாங்க. செம்பனதான் நிக்குது.”

“நிக்கிறத எடு.”