ரெண்டு படி மல்லாட்டை

செஞ்சிக்கோட்டைக்கு இப்ப செம மவுசு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ தன்னோட உலகப் பாரம்பரியப் பட்டியலில் 12 மராட்டியக் கோட்டைகளைச் சேர்த்துச்சு. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒண்ணுதான். ராஜகிரி உச்சியில் போட்டோ எடுக்கக் கிளம்புற மக்களே... திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி தளவானூர்னு ஒரு ஊர் இருக்கு. அங்கேயும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. (2021-ல தடுப்பணை உடைஞ்சு நியூஸ்ல அடிபட்டது தென்பெண்ணைக் கரையில் இருக்கிற தளவானூர். அது வேற, இது வேற!)

ஊரை ஒட்டின குன்றில் ஒரு குடைவரைக் கோயில். 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்சது. முகப்பு தெற்கே பார்த்து இருக்கும். ஆனா கருவறை உள்ளே மேற்குப் பக்கம், கிழக்கே பார்த்து இருக்கும். தூண்களுக்கு மேல மகர தோரணம், ரெண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள். பேரு சத்ருமல்லேஸ்வராலயம். 'சத்ருமல்லன்'கிறது மகேந்திரனோட பட்டப் பேர். கொடுத்தவர் பேர் கல்லுல நின்னுடுச்சு. உளி பிடிச்சவங்க பேர் எங்க கண்ணுல படலை.

'எங்க'ன்னு சொன்னது எங்க என்.எஸ்.எஸ். கேம்ப் பசங்களை. 2008 பிப்ரவரி, நான் செகண்ட் இயர். 1969-ல் காந்தி நூற்றாண்டு சமயத்துல 37 பல்கலைக்கழகங்களில் ஆரம்பிச்ச திட்டம் அது. 'நான் அல்ல, நீ'ங்கிறதுதான் அதோட கொள்கை வாசகம். நாங்க அதைக் கொட்டை எழுத்துல பேனர் போட்டு, கீழே எங்க காலேஜ் பேரை அதைவிடப் பெருசாப் போட்டிருந்தோம்.

ஏழு நாள் கேம்ப். பள்ளிக்கூடத்துல படுக்கை, காலையில சீமைக்கருவேலம் வெட்டுறது, சாயங்காலம் வீடு வீடா சர்வே. என் லிஸ்ட்ல கடைசி வீடு, கூரை தாழ்ந்த ஒரு குடிசை. ஆயா ஒருத்தங்க பேரனோட இருந்தாங்க. "மாச வருமானம் எவ்ளோ ஆயா?"ன்னு பேனாவைத் திறந்தேன். நூறு நாள் வேலைக்கு அப்போ கூலி 80 ரூபாய். அதுவும் வேலை இருந்தாத்தான். ஆயா சிரிச்சாங்க. "அத்த அப்புறம் எழுதிக்கலாம். நீ இன்னும் சாப்புடலையே கண்ணு... மூஞ்சியே சொல்லுதே."

சாப்பிட்டாச்சுன்னு பொய் சொன்னேன். எடுபடலை. கேழ்வரகுக் கூழ், உரிச்ச சின்ன வெங்காயம், மல்லாட்டைத் துவையல். (மணிலாக்கொட்டைதான் இந்தப் பக்கத்து வாயில் மல்லாட்டை. அங்கே போய் 'வேர்க்கடலை'ன்னு கேட்டா நீங்க வெளியூர்னு உடனே தெரிஞ்சுடும்.) ரெண்டாவது சொம்பையும் காலி பண்ணிட்டு, வருமானம்கிற கட்டத்தைக் காலியாவே விட்டுட்டு வந்தேன்.

கடைசி நாள் பழைய துணி விநியோகம். ஊரே க்யூவுல நிக்க, நாங்க கேமராவைப் பார்த்துக்கிட்டே கொடுத்தோம். ஆயா பேரனுக்கு ஒரே ஒரு சட்டை எடுத்தாங்க. இன்னொண்ணு எடுத்துக்கங்கன்னா, "பின்னாடி ஆளு நிக்குது பாரு" அப்படின்னாங்க. அந்த மூட்டையில பாதிச் சட்டைக்குப் பட்டன் கிடையாது. எனக்குத் தெரியும். ஹாஸ்டல்ல அதைக் கட்டினவனே நான்தான்.

பஸ் கிளம்புற நேரம் ஆயா வேகு வேகுன்னு வந்தாங்க. கையில ஒரு மஞ்சப்பை, ரெண்டு படி மல்லாட்டை இருக்கும். "ஹாஸ்டலு புள்ளைங்களுக்கு." நான் பர்ஸைத் திறந்து அம்பது ரூபாயை நீட்டினேன். ஆயா முகம் சுருங்கிப் போச்சு. "விக்கறதா இருந்தா சந்தைக்கு எடுத்துக்கினு போவ மாட்டனா?"

நோட்டை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம சட்டைப் பைக்குள்ள திணிச்சேன். பக்கத்துல நின்ன ஊர்ப் பையன்தான் விஷயத்தைச் சொன்னான். ஆயாவுக்கு நிலம் கிடையாது. நிலத்துக்காரங்க செடியைப் பிடுங்கின பிறகு மண்ணுக்குள்ள அங்கொண்ணும் இங்கொண்ணுமா காய் தங்கும். களைக்கொட்டால கொத்திக் கொத்தி அதைப் பொறுக்கணும். நாள் பூரா குனிஞ்சு கிடந்தாலும் ஒரு படி தேறுறது கஷ்டம். கார்த்திகையில பொறுக்கி, அரை வயிறு நாளுக்குன்னு எடுத்து வெச்ச மல்லாட்டை அது.

வெளிநாட்டுல சில பசங்க காசு கட்டி ஏழை நாடுகளுக்கு வாலன்டியரா போவாங்க. திரும்பி வந்து 'அவங்ககிட்ட ஒண்ணுமில்லை, ஆனா எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க தெரியுமா'ன்னு உருகுவாங்க. எனக்கு அந்த உருகல் பிடிக்கிறதில்லை. ஆயா ஒண்ணும் சந்தோஷமா இல்லை. முழங்கால் வலின்னாங்க, ரேஷன் அரிசி பத்தலைன்னாங்க, கூரை ஒழுகுதுன்னாங்க. நான் அன்னிக்கு ஒரு கூரை ஓலையைக்கூட மாத்திக் கொடுக்கலை. அதுக்கெல்லாம் கேம்ப்ல பட்ஜெட் கிடையாது.

மல்லாட்டை ஹாஸ்டல்ல ஒரே ராத்திரியில தீர்ந்துபோச்சு. மறுநாள் கேம்ப் ரிப்போர்ட் எழுதுற வேலை என் தலையில. 'கிராமத்துக்கு வழங்கியவை'ன்னு ஒரு தலைப்பு. மரக்கன்று, துணி, நோட்டு எல்லாத்தையும் எண்ணிக்கையோட எழுதினேன். 'கிராமம் வழங்கியவை'ன்னு ஒரு தலைப்பு இருக்கான்னு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த பக்கத்துல போட்டோ ஒட்டத்தான் இடம் விட்டிருந்தாங்க.