உழவுப்பொறியும் அதன் பல்லிணையும்

கம்பர் இயற்றியதாக வழங்கும் ஏரெழுபதைப் பயில்வோர் ஒன்றனை எளிதிற் காண்பர். ஏரைப் பொதுவாகப் புகழ்ந்தமையாது, மேழி, கொழு, நுகத்தடி என அதன் உறுப்புக்களைத் தனித்தனியே எடுத்துச் சிறப்பிக்கின்றது அந்நூல். நம் ஆண்டவரும் தச்சுத் தொழில் புரிந்த காலைக் கலப்பையும் நுகமும் செய்தனர் என்று இரண்டாம் நூற்றாண்டினரான ஜஸ்டின் என்னும் இரத்தசாட்சி எழுதிவைத்துள்ளார். ஆதலின், தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் பழைய டிராக்டர் ஒன்றன் பல்லிணையைப்பற்றி எழுதப் புகுதல் கண்டு நண்பர்கள் நகையார் என நம்புகின்றோம்.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஏரிப்பாசனத்தில் நெல்லும், கிணற்றுப் பாசனத்தில் கரும்பும், வானம் பார்த்த மேட்டு நிலத்தில் நிலக்கடலையும் விளையும். நிலக்கடலையை எம்மூரார் மல்லாட்டை என்பர். மணிலாக் கொட்டை என்பதன் மரூஉ அது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று உளது. உழவர் நாவில் வழங்கும் டி.எம்.வி. என்னும் எழுத்துக்கள் அவ்வூர்ப் பெயரின் சுருக்கமே. டி.எம்.வி. 2 என்னும் கடலை வகை 1940-இல் வெளியிடப்பட்டது.

மானாவாரிக் கடலைக்கு மழை பெய்த சின்னாளே விதைக்கும் பருவம். மண்ணின் ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தல் வேண்டும். ஓட்டினின்றும் உரித்த பருப்போ நெடுநாள் வைத்திருத்தற்கு உரியதன்று. நாள் செல்லச் செல்ல அதன் முளைப்புத் திறன் குன்றும். எனவே, விதை உரித்த வீட்டில் ஏர் நின்றுவிடுமாயின் இழப்பு இரட்டிப்பாகும்.

சென்ற ஆனித் திங்களில், கல்லூரி திறத்தற்கு முன், எம் பெரிய தந்தையார் இல்லத்தில் அத்தகைய நிலை நேர்ந்தது. அவரது டிராக்டர் எம்மினும் வயதில் மூத்தது. இரண்டாம் கியரில் இடும்போதெல்லாம் பல்லை நறநறவெனக் கடிப்பது போன்ற ஓசை எழுந்தது. அரும்பாடுபட்டு இட்டபின்னும், ஒன்பது கொழுக் கலப்பை மண்ணில் ஆழ்ந்து பளு ஏறியவுடன் கியர் தானே நழுவி நடுநிலைக்கு வந்துவிடும். பெரியப்பா தம் நான்கு ஏக்கரோடு, அண்டை வீட்டுக் கைம்பெண்ணின் இரண்டு ஏக்கரையும் கூலி கொள்ளாது உழுது தருவது வழக்கம். இரு வீட்டிலும் விதை உரித்தாகிவிட்டது. அழைத்து வந்த தொழிலாளர் ஒருவர், வண்டியை இரண்டாகப் பிரித்தாலன்றி வழியில்லை என்றும், பத்து நாளாகும் என்றும் கூறிச் சென்றார். அவர் கூறிய தொகை அவ்வாண்டுக் கடலையின் ஆதாயத்தை விழுங்கப் போதியதாயிருந்தது. அன்றிரவு பெரியப்பா, வண்டியை விற்றுவிடலாம் என்று மெல்லக் கூறினார். பெரியம்மா ஒன்றும் மறுமொழி தந்திலர்.

இனி, இப்பொறியின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். பற்சக்கரங்களைத் தண்டின்மேல் நழுவச் செய்து ஒன்றோடொன்று பொருத்தும் முறை, 1890-களில் பிரெஞ்சு நாட்டுப் பனார்–லெவஸார் நிறுவனத்தார் தம் மோட்டார் வண்டிகளில் கையாண்டது. பொருந்துமுன் இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பாக்கும் கருவியைக் காடிலாக் வண்டியினர் 1928-இல் புகுத்தினர். எனினும், பழைய உழவுப்பொறிகள் பலவற்றில் அக்கருவி இல்லை. மாசி பெர்குசன் நிறுவனத்தாரோடு இயைந்து 1960-இல் சென்னையில் டாபே நிறுவப்பட்டபின், டிராக்டர் என்பது நம் நாட்டு உழவர்க்கு அயற்பொருளாகாது அண்மையதாயிற்று. அக்கால வகைகளில் வண்டியை நிறுத்தி, கிளச்சை முற்றும் அழுத்தி, உட்புகு தண்டின் சுழற்சி அடங்கிய பின்னரே கியரை இடுதல் வேண்டும். சுழலும் பல்லும் நிற்கும் பல்லும் மோதுவதே நாம் கேட்கும் நறநறப்பு.

ஆகவே, நறநறப்புக் கேட்டவுடன் பெட்டியை ஐயுறுதல் முறையன்று. முதற்கண் கிளச்சை ஐயுறுதல் வேண்டும். மிதியை அழுத்தியும் எஞ்சினின் விசை முற்றும் அறாது தண்டைச் சிறிது சுழற்றிக்கொண்டே இருப்பின் பல் மோதும். அதற்குக் காரணம் பல: மிதியின் வெற்றசைவு மிகுந்திருத்தல், மழைக்காலத்தில் ஓடாதிருந்த வண்டியின் தட்டுத் துருவால் ஒட்டிக்கொள்ளுதல், தட்டுக் கோணுதல் என்பன அவற்றுட் சில. அறியும் வழி எளிது. கிளச்சை முழுதும் அழுத்திச் சில நொடி பொறுத்துப் பின்செல் கியரை இடுக. ஓசையின்றி விழுந்தால் கிளச்சு விசையை அறுக்கின்றது என்று கொள்க.

மறுநாட் காலை யாம் அங்ஙனமே செய்தோம். கியர் ஓசையின்றி விழுந்தது. மும்முறை செய்தும் அஃதே. பின்னர்ப் பெரியப்பா அமர்ந்து இட்டார், பல் கடித்தது. வண்டி ஒன்று, கியர் ஒன்று. வேறுபட்டது கால் ஒன்றே. குனிந்து நோக்கினேம். அவரது இடக்கால் மிதியை முக்காற்பங்கு அழுத்தி, அதற்குமேற் செல்லாது நடுங்கி நின்றது. முழங்கால் வலியை அவர் ஈராண்டாக யார்க்கும் உரையாது அடக்கி வைத்திருந்தனர் என்பது அப்பொழுதே புலனாயிற்று.

பெரியோரிடம் இதனை எங்ஙனம் கூறுவது? அவர்க்கு அவ்வண்டி தொழிற்கருவி மட்டுமன்று. ஊரில் தம் நிலைக்கு ஒரு சான்று. யாம் மிதியின் வெற்றசைவை அளந்து காட்டினோம். கைந்நூலிற் குறித்த அளவினும் அஃது ஏறக்குறைய இருமடங்கு இருந்தது. "பெரியப்பா, மிதி நெடுந்தூரம் சும்மா போகிறது. இதைக் குறைத்தால் இவ்வளவு அழுத்த வேண்டியதில்லை" என்றோம். அவர் எம் முகத்தைச் சிறிதுநேரம் நோக்கினார். "மிதி மட்டும் இல்லை தம்பி, காலும் அப்படித்தான்" என்று கூறித் தாமே இறங்கிவிட்டனர். அதன்பின் அதுபற்றி ஒருவரும் ஒன்றும் பேசிலர்.

கிளச்சுக் கம்பியின் பூட்டுமரையைத் தளர்த்தி, வெற்றசைவைக் கைந்நூல் அளவிற்குக் கொணர்ந்து மீண்டும் இறுக்கினோம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வெற்றசைவை அறவே ஒழித்துவிடின், தட்டு இறுகப் பற்றாது வழுக்கித் தேயும். மிதியின்மேற் காலை ஊன்றியபடியே ஓட்டுவோர்க்கும் அத்தீங்கே விளையும்.

எஞ்சியது நழுவற் கோளாறு. இது கிளச்சினால் வருவதன்று. கியரைத் தன் இடத்தில் நிறுத்துவது, நகரும் தண்டின் குழியிற் படியும் சிறு குண்டும் அதனை அழுத்தும் சுருள்வில்லுமாம். வில் தளரினும், கியரைத் தள்ளும் கவை தேயினும், பல்லின் முனை சரிவாகத் தேயினும் பளு ஏறியவழிக் கியர் வெளியேறும். நெடுநாள் நறநறத்த பல்லே இங்ஙனம் சரிவாகத் தேய்வது. முதற் கோளாற்றைப் பொறுத்துக்கொண்டிருத்தலே இரண்டாவதற்குத் தாய் ஆகின்றது.

எஞ்சினை நிறுத்தி, சக்கரங்கட்குக் கட்டை வைத்து, மேல்மூடியைச் சுற்றிலும் மண் போகத் துடைத்த பின்னர்க் கழற்றினோம். வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்திலது. சுருள்வில் இரண்டாக முறிந்து கிடந்தது. இரண்டாம் கியரின் பல்முனை சிறிது மழுங்கியிருந்தது, ஆனால் உடைந்திலது. எண்ணெயிற் பால்நிறம் இல்லை. இருப்பின் நீர் புகுந்தது என்று பொருள். வடிகால் திருகில் நுண்ணிய சாம்பல்நிறக் களிம்பு மட்டுமே இருந்தது, அஃது இயல்பு. இரும்புச் சில்லு இருந்திருப்பின் பெட்டியைப் பிரித்தே ஆகவேண்டும். விழுப்புரம் சென்று வில்லும் குண்டும் வாங்கி வந்தோம். இரண்டன் விலையும் ஒருவேளை உணவின் விலைக்குக் குறைவே.

மூன்றாம் நாள் உழவு தொடங்கியது. ஓட்டியவர் பெரியப்பா அல்லர். அவர் மகள், எம் அக்காள். சிறு வயது முதல் ஓட்ட அறிந்திருந்தும், ஒருபோதும் ஓட்டுமாறு பணிக்கப்படாதவர் அவர். பெரியப்பா வரப்பில் நின்று, கியர் விழும் ஒவ்வொரு முறையும் செவியைச் சாய்த்துக் கேட்டனர். அண்டை வீட்டு இரண்டு ஏக்கரை முதலில் உழுமாறு கைகாட்டினர். ஈரம் அடங்குமுன் இரு நிலமும் விதைத்தாயிற்று. மழுங்கிய சக்கரத்தை அறுவடைக்குப் பின் மாற்றுவது என்று முடிவாயிற்று. அதுகாறும் அவ்வண்டியில் டிப்பர் பூட்டிச் சாலையிற் செல்லலாகாது என்றும் அக்காளே விதித்துவிட்டார். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் வண்டியொன்று இறக்கத்தில் கியர் நழுவப்பெறின் யாதாகும் என்பதை எண்ணிப் பார்ப்போர் அவ்விதியை மிகையென்னார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! நும் இல்லத்துப் பழைய வண்டியும் பல் கடிக்குமாயின், செலவு மிக்க ஐயத்தைக் கடைசியில் வைத்து, செலவற்ற ஐயத்தை முதலில் தீர்மின். மிதியை அளமின், எண்ணெயைப் பார்மின், பின்னரே மூடியைத் திறமின். நழுவும் கியரின் கோலைக் கயிற்றாற் கட்டிக்கொண்டு ஓட்டும் வழக்கம் சில ஊர்களில் உளது. இடுக்கண் வந்துழி விரைந்து விடுவிக்க இயலாமையின் அஃது உயிர்க்கே ஊறு. எல்லாவற்றிற்கும் மேலாக, வண்டியை ஓட்டுவார்தம் காலையும் ஒருமுறை நோக்குமின். பொறி தன் நோவை ஓசையிட்டு உரைக்கும்; நம் வீட்டு முதியோர் பலர் அங்ஙனம் உரையார்.