சூரியனுக்குக் கிட்டத்தில்

எங்கள் வீடு தேவிகுளத்திலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறது. தாத்தா போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி மலையேறியவர். அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறாள். நானோ முதுகலைப் பௌதிகம் படிக்கிறேன்.

சென்ற தை மாதம் ஒரு விடியற்காலை. பள்ளத்துப் புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல உறைபனி. அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்: "ஏன் தம்பி, போடிக்காரங்களைவிட நாமதானே சூரியனுக்குக் கிட்ட இருக்கோம்? அங்கே வேகுது, இங்கே நடுங்குது. உன் படிப்பிலே இதுக்குப் பதில் இருக்கா?"

பரீட்சையில் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிடுவேன். அம்மாவிடம் திணறினேன்.

சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. போடி சுமார் 350 மீட்டர் உயரம்; தேவிகுளம் சுமார் 1,800. இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் சூரியனுக்கு ஒரு பொருட்டா? லண்டனில் மார்கழி நண்பகலிலும் சூரியன் 15 டிகிரிதான் மேலேறும். சாய்ந்த கதிர் பரந்த நிலத்தில் சிதறுவதால் அங்கே குளிர். ஆனால் போடியும் தேவிகுளமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. அந்த விடை இங்கே செல்லாது.

காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் வெயிலில் காய்ந்த தரைதான். அந்தக் காற்று மேலெழும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருக்கும். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். எங்களுக்கும் போடிக்கும் ஒன்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

"மலையிலும் தரை இருக்கே?" என்றாள். இருக்கிறது, காய்கிறது; சுற்றி வீசும் குளிர்ந்த காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகிறது.

"சரி, உயரப் போனா குளிருன்னா, மேட்டுச் செடி தப்பிச்சுப் பள்ளத்துச் செடி கருகுவானேன்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் எங்கள் வகுப்பில் இல்லை! மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது.

"அது தெரியும். விடியக்காலம் பள்ளத்திலே நின்னா கால் மரத்துப்போகும்" என்றாள். கொழுந்து கருகினால் கூடுதல் கிலோவுக்கு வரும் காசும் இல்லை.

இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் அம்மாவுக்கு ஓய்வு. லயத்து வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும். மலையிலேயே பிறந்த உடம்பு அந்த ஒன்பது டிகிரியை எப்படித் தாங்குமோ என்று கேட்டேன். போடியில் வேப்பமரம் உள்ள தெருவாகப் பார்த்து வீடு பிடிக்கச் சொன்னாள்.