இருபது பேஸ் மதர்போர்டும் ஒரு முதல் போனஸும்

மதர்போர்டு வர்ற அட்டைப்பெட்டியைச் சமீபத்துல பார்த்திருக்கீங்களா மக்களே? கல்யாணப் பட்டுப்புடவைப் பெட்டி தோத்துடும். உள்ளே போர்டு, ஸ்டிக்கர், கீசெயின், கலர் கலரா எரியுற லைட்டு. விலை அரை லட்சத்தைத் தாண்டும். என் சித்தி பையன் தன்னோட முதல் போனஸ் மொத்தத்தையும் இதுல கொட்டப் போறேன்னு நின்னான். கேம் ஆடணும், ஓவர்கிளாக் பண்ணணும், அதுக்கு டாப் போர்டுதான் வேணுமாம். "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு பொறுப்பை என் தலையில கட்டிட்டான். அவன் காசு, அவன் ஆசை. சும்மா அடிச்சு விட மனசு வரல. ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக ஒரு வாரம் உக்காந்து அலசினேன்.

முதல்ல இந்த 'பேஸ்' கணக்கு. 20+1, 24+2ன்னு பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க. பவர் சப்ளையிலேர்ந்து வர்றது 12 வோல்ட். பிராசசர் கேக்குறது சுமார் ஒண்ணேகால் வோல்ட். அது 250 வாட் இழுத்தா 200 ஆம்பியர் ஓடணும். வீட்டு ஏசியே பத்து ஆம்பியருக்குள்ளதான் இழுக்கும், யோசிச்சுப் பாருங்க! இதை ஒரே ஒரு பவர் ஸ்டேஜ் தாங்காது. அதனால பல பேஸா பிரிச்சு, முறை வெச்சு வேலை வாங்குறாங்க. இருபது பேஸ் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் பத்து ஆம்பியர். 90, 105 ஆம்பியர் தாங்குறதைப் போட்டுட்டு பத்தை ஓட்டுறது, கொத்தமல்லி வாங்க லாரி எடுத்துட்டுப் போற கதை. அதுலயும் பல போர்டுல கண்ட்ரோலர் கொடுக்கறது பத்து சிக்னல்தான். ரெண்டு ரெண்டா கோத்துவிட்டு இருபதுன்னு எழுதிடுவாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா எண்ணிக்கையை மட்டும் வெச்சு தரம் சொல்ல முடியாது. நான் பாத்தது ஹீட்சிங்க்கைத்தான். சென்னையில மே மாசம் ஏசி போடலேன்னா ரூமே 36 டிகிரி. 22 டிகிரி ரூம்ல வெச்சு டெஸ்ட் பண்ணின ரிவ்யூவைப் படிச்சா, வர்ற சூட்டோட தோராயமா 14ஐக் கூட்டிக்கிட்டுப் படிங்க.

அப்புறம் லேன் சமாச்சாரம். இதுதான் எனக்கு எரிச்சல். இன்டெலோட இசட்790 போர்டுகள்ல, பிராசசர் தர்ற ஜென்5 லேன் மொத்தமே 16. அது கிராபிக்ஸ் கார்டுக்கு. ஜென்5 எம்.2 ஸ்லாட் வேணும்னா இதுலேர்ந்துதான் பிடுங்கணும். அதுல எஸ்எஸ்டியைச் சொருகினா கார்டு எட்டு லேனுக்கு இறங்கிடும். அதாவது காசு கூடக் கொடுத்து வாங்கின ஸ்லாட்டைத் தொடாம இருக்கறதுதான் நல்லது!

சரி, இந்த விலை போர்டெல்லாம் ஏமாத்தா? இல்லவே இல்ல. ஆசுஸோட ஏபெக்ஸ் வரிசையில ரேம் ஸ்லாட் ரெண்டே ரெண்டுதான். பாதை குறைஞ்சா சிக்னல் சுத்தம், டிடிஆர்5 இன்னும் வேகமா ஓடும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊத்தி ரெக்கார்டு போடறவங்களுக்கான பொருள் அது. 2023ல 14900கேஎஃப் பிராசசரைத் திரவ ஹீலியத்தை ஊத்தித்தான் 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல தூக்கினாங்க. தம்பிக்கு நைட்ரஜன் எதுக்கு? வீட்டுல ஃபில்டர் காபியே ஆறிப்போய்தான் குடிப்பான் :-)

ஓவர்கிளாக்குன்னா ஒரு காலத்துல அர்த்தம் இருந்தது. 1998ல வந்த செலிரான் 300ஏ, பெருக்கல் 4.5ல பூட்டு. அபிட் பிஎச்6 மாதிரி போர்டுல பஸ்ஸை 66லேர்ந்து 100 ஆக்கினா 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆயிடும். பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 கூட தோள் உரசலாம். ஏழைக்குக் கிடைச்ச லாட்டரி. இப்ப கம்பெனிக்காரனே கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிஞ்சு அனுப்பிடறான். அதுக்கு மேல போர்டுக்காரங்களும் வோல்டேஜை ஏத்திவிட்டாங்க. 2023ல எக்ஸ்3டி பிராசசர்கள் சில எரிஞ்சு, ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜை 1.3க்கு மேல போகாம கட்டிப்போட்டுச்சு. 2024ல இன்டெலோட 13, 14ம் தலைமுறை தகராறு. பவர் லிமிட்டைத் தளர்த்தின போர்டு செட்டிங்குல ஒரு பஞ்சாயத்து, இன்டெலோட சொந்த மைக்ரோகோடு அளவுக்கு மேல வோல்டேஜ் கேட்டதுல இன்னொண்ணு. ஆகஸ்டுல திருத்தம் வந்துச்சு, ஆனா ஏற்கனவே கெட்டுப்போனது திரும்பாது.

"வோல்டேஜ் ஏத்தினாத்தானேண்ணே வேகம்?"னு கேட்டான். இப்ப குறைக்கறதுதான்டா வித்தை. 7800எக்ஸ்3டியில பெருக்கலை ஏத்தவே முடியாது; கர்வ் ஆப்டிமைசர்ல மைனஸ் போட்டா சூடு குறைஞ்சு, அதிகபட்ச வேகத்துல ரொம்ப நேரம் நிக்கும். அதுக்கு நடுத்தரமான ஒரு பி650 போர்டே போதும். அதையே வாங்க வெச்சேன். மிச்சக் காசு கிராபிக்ஸ் கார்டுக்குப் போச்சு. கேம்ல ஃபிரேம் எண்ணிக்கையை நிஜமா ஏத்தறது அதுதானே.

போர்டுல நான் விடாப்பிடியா கேட்டது ஒண்ணே ஒண்ணு: பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவ்லேர்ந்து பயாஸ் ஏத்தற பட்டன். மேல சொன்ன மாதிரி திருத்தமெல்லாம் பயாஸ் வழியாத்தான் வருது, பாதியில கரண்ட் போனா காப்பாத்தறது அந்தப் பட்டன்தான். இன்னொரு விஷயம், டிடிஆர்5 பொட்டியை முதல் தடவை ஆன் பண்ணினா ரேம் டிரெய்னிங் முடியறவரை பல நிமிஷம் திரை கருப்பாவே இருக்கும். பதறி ஸ்விட்சை அணைச்சுடாதீங்க, போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.