‘நம்ம ஆளு’: துரியோதனனின் விசுவாசம் குறித்து

கதைகளில் வரும் எதிர்மறைப் பாத்திரங்களை மதிப்பிடும்போது சுயநலத்தை ஒரு தட்டிலும் விசுவாசத்தை மறுதட்டிலும் வைத்து நிறுப்பது நம் வழக்கம். சுயநலக்காரனிடம் நாம் விசுவாசத்தை எதிர்பார்ப்பதில்லை. விசுவாசி என்றால் தன்னலம் துறந்தவனாகத்தான் இருப்பான் என்று முடிவுசெய்துவிடுகிறோம். இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைக்கக்கூடும் என்ற எண்ணம் சில ஆண்டுகளாக எனக்குள் வலுப்பெற்று வருகிறது. ஆய்வுக்காகத் திருவனந்தபுரம் வந்தபின் இம்மண்ணில் நான் சந்தித்த துரியோதனனே அதற்குக் காரணம். சற்று நீண்ட பதிவு. நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பேச்சு தொடங்கியது துரியோதனனிடமிருந்து அன்று. விடுதியில் என்னைவிட இளைய மாணவர்கள் சிலர் ஜப்பானிய அனிமேக்களை ஆழ்ந்து பார்ப்பவர்கள். நல்லவன், கெட்டவன் என்ற பிரிப்பில் அடங்காத பாத்திரங்களைப் பற்றி நள்ளிரவு கடந்தும் வாதிடுவார்கள். அவர்கள் வழியாகத்தான் ‘கிரீட்’ எனக்கு அறிமுகமானான். ஹிரோமு அரகாவா 2001 முதல் 2010 வரை படைத்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மாங்காவிலும், அதைப் பின்பற்றி 2009இல் தொடங்கிய ‘பிரதர்ஹுட்’ அனிமேயிலும் வருபவன். பெயரின் பொருளே பேராசை. ஏழு பாவங்களின் பெயர் தாங்கிய ஏழு செயற்கை மனிதர்களில் ஒருவன். பணம், அதிகாரம், சாவின்மை என உலகிலுள்ள அனைத்தும் தனக்கு வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்பவன். ஆனால், சோதனைகளுக்கு ஆளாகிப் பாதி விலங்காக்கப்பட்ட சிலரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவர்கள்மீது கைவைத்தவர்களை அவன் விடுவதில்லை. அதற்கு அன்பு என்று அவன் பெயர் சூட்டுவதும் இல்லை. அவர்கள் தன் உடைமைகள், தன் உடைமையை இழக்கத் தனக்குச் சம்மதமில்லை என்பதே அவன் தர்க்கம். பின்னர் நினைவழிக்கப்பட்டு வேறோர் உடலில் மீண்டும் எழுந்தபோது, தன்னைத் தேடிவந்த பழைய தோழன் ஒருவனைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறான். அக்கணத்தில் நினைவுகள் திரும்புகின்றன. தன்னைப் படைத்தவனின் அணிக்கு எதிராகவே பாய்கிறான்.

“அண்ணா, இவன் சுத்த சுயநலக்காரன்தானே? பிறகு ஏன் இவனுக்காக மனம் கலங்குகிறது?” என்று ஒரு மாணவர் கேட்டார். விடை தேட ஜப்பான்வரை போகவேண்டியதில்லை. கிழக்கேகோட்டை போதும் என்று எனக்குத் தோன்றியது.

கிழக்கேகோட்டையின் கார்த்திகைத் திருநாள் அரங்கில் கதகளி பார்ப்பவர்கள் அறிவார்கள்: துரியோதனன் கத்தி வேடம். அவன் தம்பி துச்சாதனனுக்குச் சிவந்த தாடி. அண்ணனுக்கோ தருமனுக்கும் அர்ச்சுனனுக்கும் பூசும் அதே பச்சை. அந்தப் பச்சையின்மேல், கன்னங்களில் மேல்நோக்கி வளையும் கத்தி வடிவில், வெள்ளைக் கரையிட்ட சிவப்புத் தீற்றல். மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெண்ணிற உருண்டைகள். ஒப்பனையே ஒரு தீர்ப்புரை போல் அமைந்திருக்கிறது. அடிநிறம் உயர்குடிப் பண்பு. அதைக் கீறிக்கொண்டு செருக்கு எழுகிறது. பச்சை வேடத்தார் மேடையில் ஒலியெழுப்புவதில்லை. கத்தி வேடத்துக்கு உறுமலும் அலறலும் உண்டு.

திருவிதாங்கூர் அரசவைக் கவிஞர் இரயிம்மன் தம்பி (1782–1856) இயற்றிய ‘உத்தராசுயம்வரம்’ ஆட்டக்கதையில் துரியோதனனும் பானுமதியும் பூங்காவில் உலவும் காதல் காட்சி ஒன்று உண்டு. நிலவெழுந்ததால் துணையைப் பிரிய நேர்ந்த சக்கரவாகப் பேடை ஒரு கண்ணால் நிலவைச் சினத்துடனும் மறுகண்ணால் இணையைத் துயரத்துடனும் நோக்குவதை அவன் மனைவிக்குக் காட்டுகிறான். ‘ஏகலோசனம்’ எனப் புகழ்பெற்ற இவ்விடத்தில் நடிகர் ஒரே முகத்தின் ஒரு கண்ணில் சினத்தையும் மறுகண்ணில் சோகத்தையும் ஒருசேர நிறுத்த வேண்டும். நடிப்புத் திறனுக்கான சோதனை என்றே இதைப் பெரும்பாலும் பேசுகிறார்கள். எனக்கு அது துரியோதனனின் இயல்பையே விளக்கும் இடமாகப் படுகிறது. அந்தப் பறவையின் சினத்துக்கும் துயரத்துக்கும் காரணம் ஒன்றுதான்: தன்னுடையது தன்னைவிட்டுப் போகிறது. அதே ஆட்டக்கதையில் அவன் விராடனின் பசுக்களைக் கவரப் புறப்பட்டுச் செல்கிறான் என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

இந்த இரு கண்களோடு கர்ணனிடம் வருவோம். அரங்கேற்றக் களத்தில் கர்ணன் அர்ச்சுனனை அறைகூவியபோது கிருபர் குலம் கேட்டார். பீமன் தேரோட்டியின் சாட்டையைச் சொல்லி ஏளனம் செய்தான். அறத்தின் தரப்பில் நின்ற எவரும் அந்த இளைஞனுக்காக வாய்திறக்கவில்லை. திறந்தவன் துரியோதனன். அங்க நாட்டுக்கு அரசனாக அங்கேயே முடிசூட்டினான். அவன் நோக்கம் தூயதா? இல்லை. அர்ச்சுனனுக்கு நிகரான வில்லாளி அவனுக்குத் தேவைப்பட்டான். கர்ணனைப் பெற்றபின் அர்ச்சுனன்மீதான அச்சம் அவனைவிட்டு நீங்கியது என்று வியாசரே சொல்கிறார். நோக்கத்தில் சுயநலம், விளைவில் நீதி. மூடிய கதவின் முன் நின்றவனுக்கு, அதைத் திறந்தவன் ஏன் திறந்தான் என்ற ஆராய்ச்சியைவிட, திறந்தவன் யார் என்பதே நினைவில் நிற்கும். தமிழில் இதற்குச் செஞ்சோற்றுக்கடன் என்று பெயரிட்டோம்.

தொடக்கத்தில் கணக்காக இருந்த இந்த உறவு கணக்காகவே நிற்கவில்லை என்பதை வில்லிபுத்தூரார் ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறார். வியாசரிடம் இல்லாத நிகழ்ச்சி அது. பானுமதியும் கர்ணனும் விளையாடிக்கொண்டிருக்க, கணவன் வருவதைக் கண்டு அவள் எழுகிறாள். அதை அறியாத கர்ணன் அவளைப் பற்றி இழுக்க, மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. துரியோதனனுக்கு ஐயம் தோன்றவே இல்லை. சிதறியவற்றைப் பொறுக்குவதா, கோப்பதா என்பதே அவன் கேள்வி. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தின் வழியாகத் தமிழர்களுக்கு இது மனப்பாடமான காட்சி. பொறாமையாலேயே அழிந்தவன் என்று நாம் அறிந்த ஒருவன், பொறாமைப்படப் போதிய காரணம் இருந்த ஓரிடத்தில் அதை அறியாதவனாக நிற்கிறான். ‘தன்னுடையவன்’ என்று ஒருவனை ஏற்றுக்கொண்டபின் அவனுக்கு வேறு கணக்கில்லை.

கொல்லம் மாவட்டத்தின் பொருவழியில் உள்ள பெருவிருத்தி மலைநடையில் இந்தக் குணம் வழிபாடாகவே ஆகியிருக்கிறது. அங்கே துரியோதனன் தெய்வம். சிலை இல்லை, உயர்ந்த மேடை மட்டும் உண்டு. பூசை செய்யும் உரிமை குறவர் சமூகத்துக்கு. கள் காணிக்கையாகப் படைக்கப்படுகிறது. பாண்டவர்களைத் தேடிக் காடுகளில் அலைந்த துரியோதனன் தாகத்தால் களைத்து இம்மலைக்கு வந்தபோது, குறவர் குலத்து முதியவள் ஒருத்தி கள் கொடுத்து அவன் தாகம் தீர்த்தாள் என்கிறது தலக்கதை. அவளுடைய குலத்தை அறிந்தபின்னும் அவன் அந்தக் கலயத்தைத் தள்ளவில்லை. மலைமேல் அமர்ந்து அம்மக்களின் நலத்துக்காகச் சிவனை வேண்டி, நிலமும் அளித்தான் என்று சொல்கிறார்கள். நிலவரி இன்றும் துரியோதனன் பெயரில் செலுத்தப்படுவதாக நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன. ஆண்டுதோறும் மீன மாதத்தில் மலைக்குட விழா நடக்கும் அவ்விடத்தில் அவன் பெயர் ‘அப்பூப்பன்’. நம் வழக்கில் தாத்தா. பேராசைக்காரன், சூதால் நாடு பறித்தவன் என்று பாரதம் முழுவதும் ஏசப்பட்டவனை ஒரு மக்கள் கூட்டம் தாத்தா என்று அழைக்கிறது. அவர்களுக்குப் பாரதம் தெரியாது என்று எவரேனும் எண்ணினால் அது நகைப்புக்குரியது. அவர்கள் பாரதத்தை வேறொரு பக்கத்திலிருந்து அறிந்தவர்கள். குலம் கேட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் அறிவார்கள்.

இதுவரை எழுதியதோடு நிறுத்தினால் துரியோதனனுக்கான வாழ்த்துரையாக இப்பதிவு முடிந்துவிடும். அப்படி முடிக்க என் அனுபவம் இடம் தரவில்லை.

நாகர்கோவிலில் இளங்கலை படித்த காலத்தில் மாணவர்களிடையே செல்வாக்குள்ள மூத்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய மேடைப்பேச்சுகளை எழுதித்தருவது என் வேலை. ஒரு பருவத்தில் தேர்வுக் கட்டணம் கட்ட வழியின்றி நான் நின்றபோது, கேட்காமலேயே அவர் கட்டினார். நன்றி சொன்னபோது, “நீ நம்ம ஆளு மக்கா” என்றார். அதே வாரத்தில், தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற முதலாண்டு மாணவர் ஒருவர் மிரட்டப்பட்டு விடுதியைவிட்டே வெளியேறினார். அந்த மாணவரும் கட்டணத்துக்குத் தடுமாறியவர்தான் என்பதைப் பின்னால் அறிந்தேன். எனக்குக் கிடைத்த பரிவும் அவருக்குக் கிடைத்த மிரட்டலும் ஒரே கையிலிருந்து வந்தவை. அந்த மூத்தவர் நடிக்கவில்லை. என்மீது அவருக்கு இருந்தது உண்மையான அன்பு. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

‘நம்ம ஆளு’ என்ற தொடரில் உடைமையும் உறவும் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கின்றன. பேசுபவர் தன் ‘நான்’ என்பதைச் சற்று விரித்து அதற்குள் நமக்கும் ஓரிடம் தருகிறார். உள்ளே இருப்பவருக்கு அது நிழல். தமிழில் ‘நாம்’ கேட்பவரை உள்ளடக்கும், ‘நாங்கள்’ விலக்கும். ஆனால் ‘நம்ம ஆளு’ என்று ஒருவரைச் சொல்லும் கணத்தில், சொல்லப்படாத இன்னொருவர் வேலிக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். கர்ணனுக்கு ஒரு நாட்டையே கொடுத்த கை, சொந்தச் சகோதரர்களுக்கு ஊசிமுனையளவு நிலமும் தர மறுத்தது. இதை முரண் என்கிறோம். நான் இதில் முரண் எதையும் காணவில்லை. இரண்டும் ஒரே விதியின் செயற்பாடு: வேலிக்குள் இருப்பவனுக்கு எல்லாம், வெளியே இருப்பவனுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே இத்தகைய பாத்திரத்தை மதிப்பிட, வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சாட்சியம் வேண்டும். பி.கே. பாலகிருஷ்ணன் 1973இல் எழுதிய ‘இனி ஞான் உறங்ஙட்டெ’ கர்ணனைப் பற்றிய நாவல் என்றே அறியப்பட்டாலும், போர் முடிந்தபின் அவனை எண்ணிப் பார்க்கும் திரௌபதியின் மனமும் அதில் மையமாக இருக்கிறது. சபையில் அவளை இழிசொல்லால் சுட்டவன் கர்ணன். நண்பனுக்கான விசுவாசம் அவன் நாவை அன்று அங்கே கொண்டுசென்றது. தமிழ்நாட்டின் வடபகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பேருருவமாகச் செய்து தரையில் கிடத்தி, தொடையைப் பிளந்து, அம்மன் கூந்தல் முடிக்கும் சடங்கு நடக்கிறது. பொருவழியில் தாத்தா, அங்கே பிளக்கப்படும் மண்ணுருவம். இவ்விரு வழிபாடுகளில் ஒன்று சரி, மற்றது பிழை என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஒன்று வேலிக்குள்ளிருந்து கண்டது. மற்றது வெளியிலிருந்து கண்டது. இரண்டும் உண்மையான சாட்சியங்கள்.

அப்படியானால் இவனுக்கு மீட்பே இல்லையா? இங்கே உதவுவது ‘ஊருபங்கம்’. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரத்துக்கு அருகில் மணலிக்கரையில் கிடைத்த ஏடுகளைக் கொண்டு, த. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் வெளியிட்ட, பாசனுடையவை எனக் கருதப்படும் நாடகங்களுள் ஒன்று அது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனின் மடியில் ஏற அவன் மகன் துர்ஜயன் ஓடிவருகிறான். மடி இல்லை. அப்போது அந்தத் தந்தை பழிவாங்கும்படி மகனிடம் சொல்லவில்லை. தனக்குச் செய்ததுபோலப் பாண்டவர்களுக்கும் பணிவிடை செய்யச் சொல்கிறான். சினந்தெழும் பலராமனையும் அவனே அமைதிப்படுத்துகிறான். வாழ்நாள் முழுவதும் காத்த வேலியை இறுதி நாழிகையில் அவனே பிடுங்கி எறிகிறான். தன்னலம் அழிந்து துறவு பிறந்தது என்று நான் இதை வாசிக்கவில்லை. அவன் அப்போதும் தன் மகனைத்தான் நினைக்கிறான்; ஆனால் அந்த ‘என்’ என்னும் சொல்லுக்குள் இப்போது பகைவரும் வந்துவிடுகிறார்கள். கிரீட்டின் முடிவும் இதை ஒத்ததே. தான் தேடியது உலகத்தை அன்று, தோழர்களை என்று அறிந்தபின், பொய்யே சொல்லாதவன் என்று பெருமை பேசியவன், தன்னோடு உடலைப் பகிர்ந்திருந்த தோழனைக் காப்பதற்காக ஒரே ஒரு பொய் சொல்லிப் பிரிந்து சாகிறான். பேராசை அவனிடம் கடைசிவரை இருந்தது; அதன் எல்லை மாறியது.

விடுதி மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான். அந்தப் பாத்திரத்துக்காக மனம் கலங்குவதில் தவறில்லை. யாரோ ஒருவருடைய ‘நம்ம ஆளு’வாக இருக்க நாம் எல்லோருமே ஏங்குகிறோம். ஒருவர் எவ்வளவு விசுவாசமானவர் என்று கேட்பதோடு, அந்த விசுவாசத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இக்கேள்வி நம் கல்விப்புலத்துக்கும் பொருந்தும் என்று சொல்லி முடிக்கிறேன். நேர்காணல்களிலும், கருத்தரங்க அழைப்புகளிலும், பரிந்துரைக் கடிதங்களிலும், யாரை மேற்கோள் காட்டுவது என்ற தெரிவிலும் ‘நம்ம ஆளு’ என்னும் சொல் ஓசையின்றிப் புழங்குகிறது. அது பலருக்கு வாழ்வளித்திருக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்கவந்த பலருக்குக் கதவு திறந்ததே அச்சொல்தான். அதைத் தூய்மைவாதம் பேசி ஒழித்துவிட முடியாது. குலம் கேட்ட கிருபரும் விதிகளின் தூய்மையைக் காத்தவர்தான். நம்மால் முடிவது ஒன்றுண்டு: ஒருவரை ‘நம்ம ஆளு’ என்று சொல்லும்போதெல்லாம், அதே தகுதியுடன் வெளியே நிற்கும் இன்னொருவரின் பெயரையும் கேட்டறிவது.

உங்கள் ஊர்களில் துரியோதனன், கர்ணன், சகுனி ஆகியோருக்கு வழிபாடோ கூத்து மரபோ வாய்மொழிக் கதையோ இருந்தால் கீழே பகிருங்கள். மாற்றுக் கருத்துகளையும் ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்.